பத்து வருடம் பீரோவில் கிடந்த கேமராவும் டெல்டாவின் இரவு வானமும்

கேள்வி இது: பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 லென்ஸ், தனியாக வாங்கிய 50 மி.மீ. எஃப் 1.8. கல்யாணம், குழந்தை, வேலை என்று பீரோவுக்குள் போன கேமரா திரும்ப வெளியே வரவில்லை. இப்போது குடியிருப்பது மன்னார்குடிப் பக்கம். பால்வெளியைப் படம் எடுக்க ஆசை. புது கேமரா வாங்கணுமா, எங்கிருந்து தொடங்குவது?

இப்போதைக்கு வாங்க வேண்டாம். அந்தக் காலத்து 16, 18, 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர் எதுவானாலும் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் எண்) 1600, 3200-ல் பால்வெளியைப் பிடித்துவிடும். நம் ஊரில் இரவு வானப் படம் நன்றாக வருவதும் வராததும் மூன்று விஷயத்தில் இருக்கிறது: எந்தத் தேதி, எந்தத் திசை, எவ்வளவு ஈரம். கேமராவின் மாடல் எண் அதற்கெல்லாம் பிறகுதான்.

முதலில் பீரோவில் கிடந்ததைச் சோதியுங்கள். லித்தியம் பேட்டரி வருடக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் செத்திருக்க வாய்ப்பு அதிகம். சார்ஜரில் போட்டதும் விளக்கு படபடவென்று சிமிட்டினால் சார்ஜர் அதை ஏற்க மறுக்கிறது என்று பொருள். பேட்டரியின் வயிறு கொஞ்சம் உப்பியிருந்தாலும் கேமராவுக்குள் திணிக்காதீர்கள். சிக்கிக்கொண்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு. கேமரா உயிர் பெற்றதும் தேதியையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள். உள்ளே இருக்கும் கடிகாரம் நின்று போயிருக்கும். எந்தப் படம் எத்தனை மணிக்கு எடுத்தது என்பது இந்த வேலையில் அடிக்கடி தேவைப்படும்.

அடுத்தது லென்ஸ். டெல்டா ஈரத்தில் மூடிய பீரோவுக்குள் பத்து வருடம் கிடந்த லென்ஸில் பூஞ்சை இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். நிக்கான் லென்ஸ் என்றால் பின்னாலுள்ள சின்ன நெம்பை விரலால் தள்ளிப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் உள்ளிருக்கும் இதழ்கள் திறக்கும். சிலந்தி நூல்போலக் கிளை விட்டுப் பரவியிருந்தால் அது பூஞ்சை. புள்ளி புள்ளியாக இருப்பது வெறும் தூசி, அதை விட்டுவிடலாம். ஓரத்தில் சிறிதளவு பூஞ்சை இருந்தால் படத்தில் ஒன்றும் தெரியாது. நடுவில் படர்ந்திருந்தால் பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி மங்கலான வட்டம் விழும், வானம் சாம்பல் பூத்ததுபோல் வரும். வெயிலில் வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். பூஞ்சை ஒருவேளை சாகலாம். ஆனால் அது கண்ணாடிப் பூச்சில் அரித்த தடம் அப்படியே இருக்கும், லென்ஸுக்குள் இருக்கும் கிரீஸும் இளகும். பிரித்துத் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் வழி. கேமராவோடு வந்த கிட் லென்ஸுக்கு அந்தக் கூலி கொடுப்பதற்குப் பதில் பழைய லென்ஸ் இன்னொன்று வாங்குவது மலிவாக முடியலாம்.

இனிமேல் கேமரா இருக்க வேண்டிய இடம் பீரோ இல்லை, தோல் பையும் இல்லை. தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, கால் கிலோ சிலிக்கா ஜெல், உள்ளே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40 முதல் 50 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது. அறுபதைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை கிளம்பும். சிலிக்கா மணி நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகவோ, ஆரஞ்சிலிருந்து பச்சையாகவோ மாறினால் ஈரம் நிறைந்துவிட்டது. 110, 120 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். சமையல் சட்டியில் வறுக்காதீர்கள். நீல மணியில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நஞ்சு. நம் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் அரிசி டப்பாவை நம்புகிற பழக்கமும் உண்டு. கேமராவை அரிசியில் புதைத்தால் ஈரம் போகிறதோ இல்லையோ, தவிட்டுத் தூள் உள்ளே போவது உறுதி.

கேமராவுக்குள் படத்தைப் பதிக்கும் சென்சாரின் தூசியைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். எஃப் 16-ல் (எஃப் எண் பெரிதானால் லென்ஸின் துவாரம் சிறிது) வெள்ளைச் சுவரை எடுத்தால் கறுப்புப் புள்ளிகள் தெரியும்தான். இரவில் எஃப் 2.8, 3.5 என்று திறந்து எடுக்கும்போது அவை கரைந்துவிடும். தெரியாத கையால் சென்சாரைத் துடைத்துக் கீறல் போடுவதைவிட அப்படியே விடுவது மேல்.

இனி வானம். மன்னார்குடி ஏறத்தாழ 10.7 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. இரவு வானத்தைப் பொறுத்தவரை இது பெரிய வாய்ப்பு. பால்வெளியின் மையம், அதாவது விருச்சிகத்தின் வாலுக்கும் தனுசுக்கும் நடுவே இருக்கும் தடித்த பகுதி, நம் ஊரில் தெற்கே 50 டிகிரி உயரம் வரை ஏறுகிறது. லண்டனில் அதே மையம் அடிவானத்தைத் தொட்டும் தொடாமலும் ஊர்ந்து மறைந்துவிடும். அகத்திய நட்சத்திரம் பிப்ரவரி நடுவில் இரவு 9 மணியளவில் நேர் தெற்கே 26 டிகிரி உயரத்தில் நிற்கும். திருசங்கு எனப்படும் தென் சிலுவை ஏப்ரல் நடுவில் இரவு 11 மணியளவில் தெற்கே 20 டிகிரிக்குச் சற்றுக் கீழே நிமிர்ந்து நிற்கும். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை அமைத்ததற்கு ஒரு காரணம், பூமத்திய ரேகைக்கு அருகிலிருந்து தென் வானத்தையும் சேர்த்துப் பார்க்கலாம் என்பது. அங்கிருந்து இன்னும் கொஞ்சம் தெற்கே இருக்கிறோம் நாம். மலைக்காற்றின் தெளிவு மட்டும்தான் நமக்குக் கிடையாது.

அளவெடுக்கக் கருவி வேண்டாம். கையை முழுக்க நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. துருவ நட்சத்திரம் நமக்கு வடக்கே ஒரு முஷ்டி உயரத்தில்தான் இருக்கும். பல நாள் புழுதியில் கண்ணுக்கே தெரியாது.

மையம் எப்போது உதிக்கும்? பிப்ரவரி நடுவில் அதிகாலை இரண்டரை, மூன்று மணிக்குள். மார்ச் நடுவில் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குச் சற்று முன். ஏப்ரல் நடுவில் இரவு 11 மணிவாக்கில். மே நடுவில் 9 மணிக்கு. மாதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உதிப்பது நேர் கிழக்கில் அல்ல, அங்கிருந்து மூன்று முஷ்டி தெற்கே தள்ளி. உதித்து இரண்டரை மணி நேரம் கழித்து 30 டிகிரி உயரத்துக்கு வரும். அதற்குக் கீழே இருக்கும்போது நம் ஊர் ஈரக்காற்று ஒளியைத் தின்றுவிடும், படம் பழுப்பாக வரும். அதனால் மார்ச் மாதத்தில் மூன்றரை மணிக்குத் தொடங்கினால் ஐந்து மணி வரை எடுக்கலாம். நம் அட்சரேகையில் விடியல் வெளுப்பு சூரிய உதயத்துக்கு ஏறக்குறைய 75 நிமிடம் முன்பே தொடங்கிவிடும். கண்ணுக்கு இருட்டாகத் தெரிந்தாலும் கேமரா அதைப் பார்த்துவிடும்.

இதோடு நிலவைச் சேர்க்க வேண்டும். அதற்குச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே போதும். அமாவாசைக்கு ஐந்து நாள் முன்பிருந்து அமாவாசை முடிந்து மூன்று, நான்கு நாள் வரை பொதுவாக நல்ல ராத்திரிகள். அதிகாலையில் எடுப்பதானால் வளர்பிறை சப்தமி, அஷ்டமி வரை நீட்டலாம், அதற்குள் நிலா மறைந்திருக்கும். முன்னிரவில் எடுப்பதானால் தேய்பிறை சஷ்டி, சப்தமியிலிருந்தே தொடங்கலாம், நிலா உதிக்க நள்ளிரவாகிவிடும்.

மழைக்கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். ஐப்பசி, கார்த்திகையில் கேமராவை டப்பாவை விட்டு எடுக்க வேண்டியதில்லை. மார்கழி, தை வானம் சில நாள் கண்ணாடிபோல் இருக்கும். ஆனால் இரண்டு மணிக்கு மேல் மூடுபனி இறங்கும், சம்பா அறுவடை இயந்திரங்கள் ராத்திரியெல்லாம் விளக்குப் போட்டு ஓடும். மாசி, பங்குனி, சித்திரைதான் உச்சப் பருவம். அறுவடை முடிந்த தரிசிலும் உளுந்துக் கொல்லை ஓரத்திலும் காய்ந்த தரையில் ட்ரைபாட் போடலாம். கோடை மழை ஒன்று பெய்து வெறித்த இரவு கிடைத்தால் தூக்கத்தை விட்டுவிட்டுப் போங்கள். புழுதி கழுவிப்போன அப்படிப்பட்ட வானம் வருடத்தில் சில நாள்தான் வாய்க்கும். கிளம்பும் முன் வானிலைத் துறையின் இன்சாட் செயற்கைக்கோள் மேகப் படத்தைப் பார்த்துவிடுங்கள்.

இடம் தேர்வதில் பலரும் தவறுவது திசையில். டெல்டா தட்டை நிலம். மறைக்க மலை இல்லாததால் தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊர்களின் வெளிச்சம் வெகுதூரத்துக்கு அடிவானத்தில் கவிழ்த்த கூடைபோலத் தெரியும். நமக்கு வேண்டியது தெற்கும் தென்கிழக்கும். ஆகவே ஊருக்குத் தெற்கே போய் நில்லுங்கள், ஊர் வெளிச்சம் முதுகுப் பக்கம் போய்விடும். கும்பகோணத்துக்காரர் கொள்ளிட மணல்தான் அகலமாக, இருட்டாக இருக்கிறது என்று வடக்கே போனால், தெற்கே திரும்பியதும் அவர் ஊரின் வெளிச்சமே எதிரில் நிற்கும். (ஆற்று மணலில் வேறொரு ஆபத்தும் உண்டு, மேலே தண்ணீர் திறந்தால் இருட்டில் தெரியாது.) மன்னார்குடிக்கு இந்தச் சிக்கல் குறைவு. முத்துப்பேட்டைச் சாலையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போய் உள்வாய்க்கால் கரையில் ஒதுங்கினால் தெற்கே சின்ன ஊர்கள், அதற்கப்பால் அலையாத்திக் காடு, கடல். முத்துப்பேட்டையும் திருத்துறைப்பூண்டியும் அடிவானத்தில் சிறு திட்டாகத் தெரியும், அவ்வளவுதான்.

கடற்கரை வேண்டுமானால் தரங்கம்பாடியிலிருந்து வேதாரண்யம் வரை எங்கிருந்தும் மையம் கடலிலிருந்து எழுவதைப் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலில் இருக்காது, அடிவானத்தில் விளக்குகள் வெகுவாகக் குறையும். பால்வெளிப் பருவமும் அதுவே. வேதாரண்யத்து உப்பளப் பாத்திகளில் தேங்கிய நீர் காற்றடங்கிய நேரத்தில் நட்சத்திரங்களை அப்படியே காட்டும். உப்பளக்காரரிடம் பகலிலேயே கேட்டுவிட வேண்டும். கோடியக்கரை சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதியின்றி இரவில் போக முடியாது. பெரிய கோயில், தாராசுரம் போன்ற தொல்லியல் துறை நினைவுச்சின்னங்களில் ட்ரைபாட் வைக்கவே முன் அனுமதி வேண்டும். எல்லாரும் கோபுரத்துக்கு மேல் பால்வெளி எடுக்க ஆசைப்படுகிறார்கள். விளக்குப் போட்ட கோபுரம் ஒரு நொடியிலேயே வெளுத்துப் போகும், வானத்துக்குப் பதின்மூன்று நொடி வேண்டும் (கணக்கு பின்னால் வருகிறது). ஒரே படத்தில் இரண்டும் சேராது. படத்தின் முன்புறத்தில் வைக்க ஒற்றைப் பனைமரம் அதைவிட நல்லது. தென்னையைத் தவிர்த்துவிடுங்கள். லேசான காற்றுக்கே கீற்று ஆடி, பதின்மூன்று நொடியில் பஞ்சுபோலக் கலங்கிவிடும். பனை ஓலை விறைப்பாக நிற்கும்.

வயலுக்குப் போகும் முன் மொட்டை மாடியில் மூன்று, நான்கு ராத்திரி பழக வேண்டும். கேமராவின் பொத்தான்களை விரல் மறந்திருக்கும். இருட்டில் டார்ச் போட்டுத் தேடுவது எரிச்சலான வேலை. பழக ஏற்றது மிருகசீரிடமும் திருவாதிரையும் இருக்கும் வேட்டைக்காரன் தொகுதி. மாசி மாதம் இரவு எட்டு மணிக்கு உச்சிக்கு அருகில் இருக்கும், மாடியிலிருந்தே தெரியும். திருவாதிரை செம்மஞ்சளாகவும், கீழே ரைகல் நீல வெள்ளையாகவும் விழுந்தால் உங்கள் எக்ஸ்போஷர் (உள்ளே விட்ட ஒளியின் அளவு) சரி. இரண்டுமே வெள்ளையாக வந்தால் நட்சத்திரம் வெளுத்துவிட்டது என்று அர்த்தம்.

ஃபோகஸ்தான் முதல் பாடம். முக்கால்வாசிப் படங்கள் வீணாவது இதில்தான். லென்ஸின் முடிவிலிக் குறியை நம்பாதீர்கள், கிட் லென்ஸில் அந்தக் குறியே இருக்காது. ஆட்டோஃபோகஸை அணையுங்கள், கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசரையும் அணையுங்கள். ட்ரைபாடின் மேல் அது இல்லாத அசைவைத் தேடிக்கொண்டிருக்கும். லைவ் வியூவைத் (பின்திரையில் தெரியும் நேரடிக் காட்சி) திறந்து, சிரியஸ் அல்லது வியாழனைத் திரையில் கொண்டுவந்து பத்து மடங்கு பெரிதாக்குங்கள். வளையத்தை மிக மெல்லத் திருப்பினால் ஒளிவட்டம் சுருங்கிப் புள்ளியாகும். கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி வந்து, மிகச் சிறியதாக இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஃபோகஸ் வளையத்தின் மேலும், ஜூம் வளையத்தின் மேலும் டேப் ஒட்டுங்கள். 18-ல் வைத்த ஜூம் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ஃபோகஸ் போய்விடும். மோட்டாரால் ஃபோகஸ் நகரும் எஸ்டிஎம் போன்ற லென்ஸ்களில் வேறொரு சிக்கல்: கேமரா தானாகத் தூங்கிப்போனால் சில லென்ஸ்கள் ஃபோகஸை மறந்துவிடும். தானாக அணையும் வசதியை நிறுத்திவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பச் சரிபாருங்கள்.

அடுத்தது நேரம். வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, அதிக நேரம் திறந்தால் புள்ளி கோடாகும். 500 விதி எல்லாருக்கும் தெரியும்: 500-ஐ லென்ஸின் மி.மீ.-ஆலும் கிராப் எண்ணாலும் (முழு அளவு சென்சாரைவிட நம்முடையது எத்தனை மடங்கு சிறியது என்பது) வகுப்பது. 18 மி.மீ., கிராப் 1.5 என்றால் 18 நொடி வரும். பெரிதாக்கிப் பார்த்தால் இது தாராளம். இன்னொரு கணக்கு கொஞ்சம் கறாரானது. எஃப் எண்ணை 35-ஆல் பெருக்கி, பிக்சலின் மைக்ரான் அளவை 30-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டி மி.மீ.-ஆல் வகுக்க வேண்டும். 24 மெகாபிக்சல் கிராப் சென்சாரில் ஒரு பிக்சல் 3.9 மைக்ரான். எஃப் 3.5-ல் 122.5, அதோடு 117, மொத்தம் 239.5, வகுத்தால் 13 நொடி. ஆகவே தொடக்க எண்கள் இவை: 18 மி.மீ., எஃப் 3.5, 13 நொடி, ஐஎஸ்ஓ 3200, ரா வடிவம் (சென்சார் பதித்ததை அப்படியே வைக்கும் கோப்பு), வெள்ளைச் சமநிலை (வண்ணச் சாயல் அமைப்பு) 4000 கெல்வின். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2.2 வைத்து 4 நொடி. எஃப் 1.8-லேயே வைத்தால் மூலைகளில் நட்சத்திரங்கள் சிறகு விரித்த பறவைபோல் வரும்.

எடுத்த படத்தைத் திரையின் வெளிச்சத்தை நம்பி மதிப்பிடாதீர்கள். இருட்டில் கேமராத் திரை எல்லாப் படத்தையும் பிரமாதமாகக் காட்டும், வீட்டுக்கு வந்து பார்த்தால் கரியாக இருக்கும். ஹிஸ்டோகிராமில் (இடது இருட்டு, வலது வெளிச்சம் என்று படத்தின் ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) மேடு இடது சுவரிலிருந்து நன்றாக விலகி, கால்வாசி தூரத்தில் நிற்க வேண்டும். சுவரோடு ஒட்டியிருந்தால் ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள். நடுவைத் தாண்டினால் ஊர் வெளிச்சம் அதிகம், ஐஎஸ்ஓவைக் குறைத்துவிடுங்கள்.

வயலில் நின்றால் டெல்டாவின் எதிரி வரும். ஈரம். நீர் நிற்கும் பயிர், வாய்க்கால், காற்றில்லாத இரவு: பன்னிரண்டு மணிக்கு மேல் லென்ஸின் முன்கண்ணாடியில் பனி படியும். ஒரேயடியாகப் படியாது. முதலில் சிறு நட்சத்திரங்கள் காணாமல் போகும், பிறகு பெரியவற்றைச் சுற்றி ஒளிவட்டம், அரை மணியில் முழுப் படமும் பால். துணியால் துடைத்தால் இரண்டு நிமிடத்தில் திரும்ப வரும். கண்ணாடியைக் காற்றைவிட இரண்டு, மூன்று டிகிரி சூடாக வைத்திருப்பது ஒன்றே மருந்து. அதற்கென்று யுஎஸ்பி சூட்டுப்பட்டை கிடைக்கிறது. லென்ஸின் முன்விளிம்பை ஒட்டிச் சுற்றி, பவர்பேங்கில் சொருக வேண்டும். 5 வாட் பட்டை 10,000 எம்ஏஎச் பவர்பேங்கில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஓடும், 10 வாட் என்றால் மூன்று மணி. பனி படிந்த பிறகு போட்டால் காய நேரமாகும், கேமராவை வைத்ததுமே போட்டுவிடுங்கள். ஏசி அறையிலிருந்து நேரே வெளியே எடுத்துப் போனாலும் லென்ஸ் வியர்க்கும். கிளம்புவதற்கு முக்கால் மணி முன்பே பையைத் திண்ணையில் வைத்துவிட்டால் அது பழகிவிடும்.

இரண்டாவது, தரை. நம் களிமண் ஈரமாக இருந்தால் ட்ரைபாட் கால் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒற்றைப் படத்தில் தெரியாது. ஒரு மணி நேரம் தொடர்ந்து எடுத்துச் சேர்த்தால் பனைமரம் இரண்டாகத் தெரியும். மூன்று காலுக்கும் அடியில் மூன்று ஓட்டுச் சில்லோ, பலகைத் துண்டோ வையுங்கள். வாய்க்கால் மதகின் சிமென்ட் மேடை நல்ல இடம், வண்டி போகும் மதகாக இல்லாவிட்டால்.

மூன்றாவது, பாம்பு. கண்ணை இருட்டுக்குப் பழக்க இருபது, முப்பது நிமிடம் ஆகும், வெள்ளை வெளிச்சம் பட்டால் மறுபடி முதலிலிருந்து. அதனால் சிவப்பு விளக்குப் பயன்படுத்தச் சொல்வார்கள். நின்ற இடத்தில் சரி. வரப்பில் நடக்கும்போது நல்ல வெள்ளை டார்ச் போட்டே நடக்க வேண்டும், முழங்கால் வரை பூட்ஸ் போட வேண்டும். வைக்கோலின் நிறத்தோடு கலந்து கிடக்கும் கண்ணாடி விரியன் சிவப்பு வெளிச்சத்தில் தெரியாது. பையைத் தரையில் திறந்து போடாதீர்கள். தனியாகப் போகாதீர்கள். நிலத்துக்காரரிடம் முன்பே சொல்லிவிட்டால் நடுராத்திரியில் மோட்டார் கொட்டகைப் பக்கம் டார்ச் அடிக்கிறவன் யார் என்ற கேள்வியும் வராது.

நம் இரவுகளின் வெப்பமும் படத்தில் தெரியும். சென்சார் ஆறு டிகிரி சூடேறினால் அதில் வெப்பத்தால் எழும் மின்னோட்டம் ஏறக்குறைய இரட்டிக்கும், நாய்ஸ் (படத்தில் விழும் பொய்ப் புள்ளிகள்) கூடும். சித்திரை மாதத்து 28 டிகிரி இரவில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் நிறைய வரும். லைவ் வியூவைத் தேவை முடிந்ததும் அணைப்பது பாதி உதவி. மீதி, ஸ்டாக்கிங், அதாவது பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குவது. ஒரே சட்டகத்தில் 16 படம் எடுத்துச் சேர்த்தால் நாய்ஸ் நாலில் ஒன்றாகக் குறையும், பதினாறின் வர்க்கமூலம் நான்கு என்பதால். கடைசியில் லென்ஸை மூடி, அதே ஐஎஸ்ஓ, அதே நொடி அளவில் பத்து இருட்டுப் படம் எடுங்கள், வெப்பப் புள்ளிகளை மென்பொருள் அதை வைத்துக் கழிக்கும். வீட்டுக்கு வந்து எடுத்தால் வெப்பநிலை மாறியிருக்கும், பயன் குறையும். படங்களைச் சேர்க்கும் சீக்வேட்டர் மென்பொருள் விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கிறது. நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, தரையை அசையாமல் வைக்கும் வசதி அதில் உண்டு. கொஞ்சம் பழகியபின் சிரில் பக்கம் போகலாம், அதுவும் இலவசம். வண்ணம் ஏற்றும்போது கை அடக்கம் வேண்டும். பால்வெளி மையம் இயல்பில் மங்கலான மஞ்சள் பழுப்பு. ஊதா நிறத்தில் பளபளக்கும் படங்கள் கணினியில் பிறந்தவை.

சட்டகத்தைப் பற்றி ஒரு சொல். 18 மி.மீ. கிராப் கேமராவைக் கிடையாகப் பிடித்தால் உயரத்தில் 47 டிகிரிதான் அடங்கும், நிறுத்திப் பிடித்தால் 66. ஜூன், ஜூலையில் மையம் 50 டிகிரியில் நிற்கும்போது தரையும் வேண்டும், மையமும் வேண்டும் என்றால் நிறுத்திப் பிடிப்பது தவிர வழியில்லை. குறுவைக்குத் தண்ணீர் வந்து, நடவுக்கு முன் சேறடித்து நீர் கட்டிய வயல்கள் அப்போதுதான் கிடைக்கும். தென்மேற்குக் காற்று பகலெல்லாம் அலையடிக்கும். இரண்டு மணிக்கு மேல் அடங்கினால் வயலிலும் நட்சத்திரம் தெரியும்.

நட்சத்திரச் சுவடு (நட்சத்திரங்கள் கோடாக நீளும் படம்) எடுக்க இருட்டு அவ்வளவு தேவையில்லை, அரைநிலாவும் பரவாயில்லை, மாடியும் போதும். 30 நொடி, எஃப் 4, ஐஎஸ்ஓ 800, தொடர் ஷூட்டிங்கில் வைத்துக் கேபிள் ரிலீஸைப் (கம்பி வழியாக ஷட்டரை அழுத்தும் பொத்தான்) பூட்டிவிடுங்கள். இரண்டு மணி நேரத்தில் சுமார் 240 படம், அதற்கு 30 டிகிரி வளைவு கிடைக்கும். 24 மெகாபிக்சல் ரா என்றால் ஆறு ஜிபி போல ஆகும். கேமராவின் நீண்ட எக்ஸ்போஷர் நாய்ஸ் குறைப்பை அணைக்க மறந்தால், ஒவ்வொரு படத்துக்கும் பிறகு இன்னொரு 30 நொடி கேமரா தன் வேலையைப் பார்க்கும். சுவடு தையல்போல் விட்டுவிட்டு வரும். சேர்ப்பதற்கு ஸ்டார்ஸ்டாக்ஸ் என்ற மென்பொருள். வடக்கே திருப்பினால் துருவம் ஒரு முஷ்டி உயரத்தில் இருப்பதால் வட்டத்தின் அடிப்பகுதியை அடிவானம் வெட்டும். கிழக்கே திருப்பினால் நட்சத்திரங்கள் கிட்டத்தட்ட நட்டுக்குத்தாக ஏறும். குளிர் நாட்டுப் படங்களில் இது வராது. தெற்கே, சுழற்சியின் மையமான தென் துருவம் தரைக்குக் கீழே இருப்பதால், வானவில்போல் வளைவுகள்.

கடற்கரைக்குப் போய்வந்தால் ட்ரைபாட் கால்களை முழுக்க நீட்டி நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள், உப்பு இறுகினால் பூட்டு திறக்காது. முன்கண்ணாடியை ஊதாமல் துடைத்தால் மணல் கீறும்.

வாங்குவதென்றால் வரிசை இது. கேபிள் ரிலீஸ், சூட்டுப்பட்டை, ஒரு மாற்று பேட்டரி. பிறகு ஆடாத ட்ரைபாட். நடுக்கம்பத்தை உயர்த்தாமல் பயன்படுத்துங்கள். ஒரு பருவம் முழுக்க எடுத்தும் ஆசை குறையவில்லை என்றால், பழைய சந்தையில் 11-16 மி.மீ. எஃப் 2.8 டொகினாவோ, கையால் ஃபோகஸ் செய்யும் 14 மி.மீ. எஃப் 2.8 சம்யாங்கோ. கிட் லென்ஸின் 3.5-லிருந்து 2.8-க்குப் போனால் ஒளி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் கூடும்; ஆனால் 11 மி.மீ.-ல் நேரமும் பத்தொன்பது நொடி வரை நீளும், இரண்டும் சேரும்போது வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். வானத்தோடு சுழலும் டிராக்கர் அதற்கும் பிறகு. அதைப் பொருத்தத் துருவ நட்சத்திரம் தெரிய வேண்டும், நம் ஊரில் ஒரு முஷ்டி உயரத்தில் புழுதிக்குள் அதைத் தேடுவது தனி வேலை. புது கேமரா உடல் இந்த வரிசையின் கடைசி.